கடைசி பாராவில் முதலை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தமானில் நீங்கள் எந்தத் தீவுக்கு வந்தாலும் சரி, ஓடை வந்து கடலில் சேருகிற இடத்தில் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். முதலை இருக்கும். தண்ணீர் எவ்வளவு அமைதியாக இருக்கிறதோ அவ்வளவு தூரம் தள்ளி நில்லுங்கள்.

சொல்லியாயிற்று. இனிமேல் படிப்பதும் பக்கத்தைப் புரட்டுவதும் உங்கள் இஷ்டம்.

நான் இப்படி ஆரம்பிக்கிற ஆள் இல்லை என்று வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். போன வாரம் மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வருகிற தக்காளியின் சோகக் கதையை எழுதினேன். வாய்விட்டுச் சிரித்ததாக நாலைந்து பேர் சொன்னீர்கள். இந்த வாரம் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. மன்னித்துக் கொள்ளுங்கள்.

சில வாரங்களுக்கு முன்பு ஒரு காலை. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியிலிருந்து போன். தெரிந்த நர்ஸ் பெண்.

"அக்கா, கொஞ்சம் வர முடியுமா? மெயின்லேண்டு ஃபேமிலி ஒண்ணு. தமிழ் மட்டும்தான் பேசுறாங்க. போலீஸ்ல பயான் எடுக்கணுமாம். எனக்கு டியூட்டி, நகர முடியல..."

பயான் என்றால் வாக்குமூலம். இந்த ஊரில் எனக்கு இப்படி ஒரு பெயர் வந்துவிட்டது. அரசாங்க ஆபீஸில் காலமெல்லாம் இந்திக் கடிதத்தோடு குப்பை கொட்டியவள். ரிட்டயர் ஆன பிறகு, இந்தி தெரியாத தமிழர் யாராவது எங்காவது மாட்டிக்கொண்டால் எனக்குத்தான் போன் வரும். ரேஷன் கார்டு, தொலைந்துபோன கப்பல் டிக்கெட், வீட்டு வாடகைத் தகராறு... பெரும்பாலும் இந்த ரகம்தான். அன்றைக்கும் அப்படி ஏதோ என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

பிணவறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் பெயர் சுமதி. விருதுநகர் பக்கம். கணவர் கதிரேசனுக்கு சர்க்கார் உத்தியோகம். எல்டிசி என்கிற அரசுப் பயணச் சலுகையில் மூன்று பேருமாக அந்தமான் பார்க்க வந்திருக்கிறார்கள். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதிரேசன் உள்ளே இருந்தார். முதலை இழுத்துக்கொண்டு போய், மறுநாள்தான் கிடைத்திருந்தார்.

எந்தத் தீவு, எந்தக் கடற்கரை? இந்தப் பத்தியில் சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் வருகிறது.

பயான் எடுக்க வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "உதர் ஜானே கோ கிஸ்னே போலா? கோயி டிரைவர்? கோயி கைடு?"

அங்கே போகச் சொன்னது யார் என்று நான் சுமதியிடம் தமிழில் கேட்டேன்.

"யாரும் சொல்லலக்கா. நாங்களாத்தான் போனோம். ஹேவ்லாக்ல எங்க பாத்தாலும் ஒரே தலையா இருக்குன்னு இவுக அலுத்துக்கிட்டாக. கூட்டமில்லாத எடமா பாருன்னாக. நான்தான் போன்ல தேடுனேன். தமிழ்லயே வந்துச்சு... முதல்ல வந்ததே இதுதான்க்கா."

போனை நீட்டினாள். சப்-இன்ஸ்பெக்டர் வாங்கி, தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"இஸ்மே ஆத்மி கௌன் ஹை?"

இதில் ஆள் யார் என்கிறார். நியாயமான கேள்விதானே? டிரைவர் என்றால் பெயர் இருக்கும். கைடு என்றால் முகம் இருக்கும். ஒரு பக்கத்தை எப்படி விசாரிப்பது? முழுதாகப் படித்து இந்தியில் சொல்லுங்கள் என்றார். படித்தேன்.

'கூட்டமே இல்லாத ரகசியக் கடற்கரை. அலையே இல்லாமல் குளம் போலக் கிடக்கும் தண்ணீர். ஒரு பக்கம் அலையாத்திக் காடு, நடுவே ஓடை வந்து கடலில் கலக்கும் அழகு. குடும்பத்தோடு ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது...'

ஓடை, அலையாத்திக் காடு, அசையாத தண்ணீர், சாயங்காலம்... இந்த நாலையும் சேர்த்துச் சொன்னால் இங்கே பிறந்த குழந்தைக்குக்கூட என்ன என்று தெரியும். விருதுநகரிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது குளம். குளத்தில் குளித்துத்தானே வளர்ந்திருப்பார்!

படித்துக்கொண்டே போனேன். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எந்த நேரத்தில் போட்டோ நன்றாக வரும், பக்கத்தில் என்ன ரிசார்ட், நடுநடுவே விளம்பரம். 'மேலும் படிக்க' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் இன்னும் நீளம். எல்லாம் முடிந்து, கடைசியாக ஒரு பாரா.

'கவனிக்க: ஓடை முகத்துவாரத்தில் உப்புநீர் முதலைகள் நடமாட்டம் உண்டு. தண்ணீரில் இறங்க வேண்டாம்.'

இந்தியில் சொல்லி முடித்தேன். சப்-இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "நீச்சே தோ லிக்கா ஹை நா, மேடம்." கீழேதான் எழுதியிருக்கிறதே என்றார். அத்தோடு அந்தக் கேள்வி அவருக்கு முடிந்துபோயிற்று.

சுமதிக்கு முடியவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டாள். "என்னக்கா போட்டிருக்கு?" என்றாள். மறைக்க முடியுமா? தமிழில் இருப்பதைத் தமிழ்க்காரியிடம் எப்படி மறைப்பது? படித்துக் காட்டினேன்.

"அது... அங்க இருந்துச்சாக்கா? நான் கீழ வரைக்கும் படிக்கலையே. பாதியிலயே சரின்னுட்டேனே... நான்தானே அவுகளக் கூட்டிட்டுப் போனேன்."

அழவில்லை. அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மகள் அப்போதுதான் சுவரிலிருந்து பார்வையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அது நடந்தபோது அந்தப் பெண் கரையில் நின்று அப்பாவை போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

"பலகை எதுவும் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சுக்கா. அதுக்கிட்டயே நின்னு நாலு பேரு சிரிச்சுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாக. ஆபத்துன்னா அப்பிடி நிப்பாகளா?"

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பக்கத்த எடுக்கச் சொல்லுங்கக்கா. இன்னொரு வீட்ல இது நடக்கக் கூடாது. உங்களுக்கு ஆளுகளத் தெரியும்ல?"

தெரியும். அதுதான் கொடுமை. பக்கத்தின் அடியில் எழுதியவர் பெயர் இருந்தது. நஸ்ரின். லம்பா லைனில் என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிற பெண்.

நஸ்ரினின் வாப்பாவுக்கு பஜாரில் துணிக்கடை. பூர்வீகம் ராமநாதபுரம் கடலோரம். அவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். கெட்டிக்காரி. சென்னையில் இருக்கிற ஒரு டூரிஸ்ட் வெப்சைட்டுக்கு வீட்டிலிருந்தே எழுதுகிறாள். 'கன்டென்ட் ரைட்டர்' என்பார்கள். அந்தமானைப் பற்றித் தமிழில் நீங்கள் எதைத் தேடினாலும் பாதிக்குப் பாதி அவள் எழுதியதாகத்தான் இருக்கும்.

நான் போய்ச் சொன்னதும் வெளுத்துப்போனாள். உள்ளே உம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று கதவைச் சாத்தினாள்.

"நான் எழுதினது பொய் இல்ல ஆன்ட்டி. மேங்ரோவ் இருக்கு, நாலா வந்து விழுது, தண்ணி அசையாம நிக்குதுன்னுதானே எழுதினேன்? மத்லப்... நம்ம ஊரு ஆளுங்க யாரு படிச்சாலும் அங்க மகர் இருக்குன்னு தன்னால தெரிஞ்சுக்குவாங்கல்ல." இந்தி கலந்த பேச்சு: மத்லப் என்றால் அதாவது, நாலா என்றால் ஓடை, மகர் என்றால் முதலை.

"நம்ம ஊரு ஆளுங்க அதை எதுக்குப் படிக்கிறாங்க நஸ்ரின்?"

அவள் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். தானாகவே... நான் கேட்கவில்லை.

வாராவாரம் ஆபீஸிலிருந்து தலைப்புகள் வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற கணக்கு. 'கூட்டமில்லாத பீச்', 'அலை இல்லாத பீச்', 'ஃபேமிலியோடு போக', 'ரீல்ஸ் எடுக்க நல்ல இடம்'. இந்த வார்த்தைகள் எல்லாம் முதல் இரண்டு பாராவுக்குள் வந்துவிட வேண்டும். வந்தால்தான் தேடுகிறவர் கண்ணில் படும்.

"எங்கே குளிக்கக் கூடாதுன்னு ஒரு பக்கம் எழுதலாமே?"

"கேட்டேன் ஆன்ட்டி. அதை யாரும் சர்ச் பண்றதே இல்லையாம். தேடாததை எழுதி யாருக்குக் காட்டுறதுன்னாங்க."

யோசித்துப் பாருங்கள். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தவன் தேடமாட்டான், அவனுக்குத்தான் தெரியுமே. தெரியாதவனுக்கோ தேட வேண்டும் என்றே தோன்றாது. ஆக அந்தக் கேள்வியை உலகத்தில் ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. கேட்காத கேள்விக்கு பதில் எழுத யாருக்கும் சம்பளம் கிடையாது.

அந்த போட்டோவை எடுத்ததும் நஸ்ரின்தான். மச்சானின் ஸ்கூட்டியில் போய் எடுத்தாளாம். அசல் படத்தைக் காட்டினாள். இடது ஓரத்தில் எச்சரிக்கைப் பலகை பளிச்சென்று நிற்கிறது. வெப்சைட்டில் வந்த படத்தில் பலகை இல்லை. போனுக்கு நெட்டுக்குத்தாகப் படம் வேண்டும் என்று இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பலகை ஓரத்தில் நின்றது, அவ்வளவுதான்.

"வார்னிங்கை நான் முதல்ல மேலதான் போட்டேன் ஆன்ட்டி. அல்லா மேல ஆணையா. அப்புறம்தான் கீழ போச்சு."

ஏன் போயிற்று? அதற்கு ஒரு படம் இருக்கிறது. வருகிறவர்கள் பக்கத்தை எதுவரை படிக்கிறார்கள் என்று நிறத்தில் காட்டுகிற படம். மேலே சிவப்பு, நடுவில் மஞ்சள், கீழே போகப் போக நீலம். கடைசிப் பாரா இருக்கிற இடம் கருநீலம். அங்கே யாரும் வருவதில்லை என்று அர்த்தம். அந்தக் கருநீலத்தில்தான் முதலையைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

பக்கத்தை எடுக்க நஸ்ரினுக்கு அதிகாரம் இல்லை. எழுதி அனுப்புவதோடு அவள் வேலை சரி. சென்னையில் விக்னேஷ் என்று ஒருவர், கன்டென்ட் ஸ்ட்ராட்டஜிஸ்ட். எதை எழுதுவது, எது மேலே, எது கீழே என்று முடிவு செய்கிறவர். அவருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

சண்டை போடுகிற தயாரிப்போடு உட்கார்ந்தேன். அவரோ நிஜமாகவே அதிர்ந்துபோனார். வயதில் என் மகனைவிடச் சின்னவராக இருப்பார். அதனால் அவர் சொன்னதைக் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எடுத்துடலாம் மேடம், பிரச்சினை இல்ல. ஆனா நாம எடுத்தா நமக்கு அடுத்து இருக்கிற சைட் மேல வந்துடும். அவங்க வார்னிங்கே போடல. நீங்களே பாருங்க. நாம இருந்தா கீழயாவது இருக்கும்."

பார்த்தேன். உண்மைதான்.

"அப்ப எச்சரிக்கையை முதல் வரியில போடுங்க தம்பி."

"போட்டுப் பாத்தோம் மேடம். படிச்ச உடனே வெளிய போயிடுறாங்க. வந்தவங்க உடனே வெளிய போனா சர்ச்ல பேஜ் கீழ இறங்கிடும். இறங்கிட்டா அந்த வார்னிங்கை யாருமே பாக்க மாட்டாங்களே?"

எச்சரிக்கை மேலே இருந்தால் பக்கம் கீழே போகும். பக்கம் மேலே இருக்க வேண்டுமென்றால் எச்சரிக்கை கீழே போக வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஒரு நிமிடம் நியாயமாகத்தான் பட்டது. அப்புறம்தான் சுரீர் என்றது.

"தம்பி, வெளிய போயிட்டாங்கன்னு சொல்றீங்களே... எங்க போனாங்க?"

"தெரியாது மேடம். வேற பேஜுக்கு..."

"வேற பீச்சுக்குப் போயிருப்பாங்க தம்பி. போயிட்டு ஊர் திரும்பியிருப்பாங்க. உங்க கணக்குல நஷ்டம்னு எழுதியிருக்கீங்களே, அவங்க எல்லாம் உயிரோட இருக்காங்க."

நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஒரு மனிதன் எச்சரிக்கையைப் படிக்கிறான், பயப்படுகிறான், பக்கத்தை மூடுகிறான். ஒரு எச்சரிக்கை இதைவிட ஒழுங்காக வேலை செய்ய முடியுமா? ஆனால் கணக்கு எடுக்கிற மெஷினுக்கு அவன் பிழைத்தது தெரியாது. அவன் விளம்பரம் பார்க்காமல் போனது மட்டும்தான் தெரியும். கடைசி வரை நம்பி, வழி விசாரித்து, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கியவர்தான் அதற்கு நல்ல வாசகர்.

விக்னேஷ் அன்றே எச்சரிக்கையை மேலே போட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும். மேலதிகாரிகளிடம் பேசிப் பக்கத்தையே எடுக்கப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எங்கும் அந்தக் கடற்கரையின் பெயர். எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். யாருமே தேடாத முதலையை இப்போது ஊரே தேடுகிறது. ஆள் செத்த பிறகு எச்சரிக்கைக்கும் ஒரு மார்க்கெட் வந்துவிட்டது.

நஸ்ரினுக்குப் புதுத் தலைப்பு வந்தது. 'முதலை தாக்கிய கடற்கரை: எப்படிப் போவது? எப்போது போகலாம்?'

"முடியாதுன்னுட்டேன் ஆன்ட்டி," என்றாள்.

"அப்ப எழுதலையா அதை?"

"வந்துடுச்சு. யாரும் எழுதல, ஏஐ மெஷின் எழுதிடுச்சு. என் பேர்லயே வந்துச்சு. கெஞ்சினதுக்கு அந்தப் பேரை மட்டும் எடுத்தாங்க."

விக்னேஷைக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அவரையும் குற்றம் சொல்லி என்ன செய்ய? மேலே இருக்கிறவர்கள் என்ன சொன்னார்களோ. நஸ்ரினும் வேலையை விடவில்லை. பஜாரில் துணி வாங்க இப்போது யார் வருகிறார்கள், எல்லோரும்தான் ஆன்லைனில் வாங்குகிறோமே. அந்த வீட்டில் நிரந்தரமாக வருகிற சம்பளம் அவளுடையதுதான்.

போன ஞாயிறு அவள் மச்சான் அந்தப் பக்கம் போனானாம். பலகையைச் சுற்றிக் கூட்டமாம். போன தடவை படத்திலிருந்து வெட்டி எறிந்த பலகை, இப்போது எல்லோர் படத்திலும் நடுவில் நிற்கிறது. இரண்டு பேர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, முதலை மாதிரி வாயைப் பிளந்து காட்டினார்களாம்.

சுமதியிடமிருந்து நேற்று போன் வந்தது. காரியமெல்லாம் முடிந்துவிட்டது என்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"எடுத்துட்டாகளாக்கா?"

"இல்லம்மா. முடியல."

"தெரியும்க்கா. பாத்தேன். அந்த எடத்துப் பேரைப் போட்டா இப்ப இவுக போட்டோதான் முதல்ல வருது. பாப்பா ஸ்கூல்ல புள்ளைக தேடித் தேடிப் பாக்குதுகளாம். அவ போக மாட்டேங்குறா."

அவளே தொடர்ந்தாள்.

"வார்னிங் இப்ப மேல போட்டிருக்காக. அன்னைக்கே மேல இருந்திருந்தா நான் படிச்சிருப்பேன்லக்கா?"

"படிச்சிருப்பீங்கம்மா. படிச்சுட்டு அந்தப் பக்கத்தை மூடிட்டு வேற எங்கயாவது கூட்டிட்டுப் போயிருப்பீங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அப்படி வெளியே போனவர்கள் ஏராளம் என்று விக்னேஷே சொல்லியிருக்கிறாரே. அவளும் அவர்களோடு போயிருப்பாள். "சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

அதனால்தான் அந்தக் கடற்கரையின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த ஊரின் பெயரை, தீவின் பெயரைக்கூட எழுதவில்லை. சுமதி, அவள் குடும்பத்தார், நஸ்ரின், விக்னேஷ் என்ற பெயர்கள்கூட நான் மாற்றி வைத்தவைதான். தேடுகிற யாருக்கும் என் பத்தி வழி காட்ட வேண்டாம்.

இதன் முதல் பாதியைப் பத்திரிகைக்கு அனுப்பியதும் வெப் டெஸ்கிலிருந்து ஒரு பையன் பேசினான். நல்ல பையன், மரியாதையாகத்தான் கேட்டான். "மேடம், தலைப்புல பீச் பேரு வந்தா ஆன்லைன்ல நல்லாப் போகும். அப்புறம்... முதல் பாரா கொஞ்சம் பயமுறுத்துது. படிக்கிறவங்க அங்கேயே வெளிய போயிடுவாங்க. அதைக் கடைசிக்குக் கொண்டுபோயிடலாமா?"

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

முதல் பாராவிலேயே வெளியே போனவர்கள் இந்த வரிக்கு வந்து சேரப்போவதில்லை. போகட்டும்... எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.